கூடப் போனவர்கள்

தமிழில் பைத்தியம் என்ற சொல்லுக்கு இருக்கிற செல்வாக்கு வேறு எந்த வியாதியின் பெயருக்கும் கிடையாது. காசநோயைச் சொல்லி யாரும் யாரையும் கொஞ்சுவதில்லை. ஆனால் தாயார் குழந்தையை, "அடி பைத்தியமே!" என்று தூக்கி முத்தமிடுகிறாள். சினிமாப் பைத்தியம், சங்கீதப் பைத்தியம், கிரிக்கெட் பைத்தியம் என்று கௌரவமான மனிதர்களே தங்களுக்குப் பட்டம் சூட்டிக்கொள்கிறார்கள். சுந்தரமூர்த்தி நாயனார் தம்மைத் தடுத்தாட்கொண்ட இறைவனையே பித்தன் என்று அழைத்துத் தமது முதல் பதிகத்தைத் தொடங்கினார். பித்து, பைத்தியம் இரண்டுமே பித்தம் என்ற சொல்லின் வழியாக வந்தவைதாம். உடம்பில் பித்தம் ஏறினால் புத்தி தடுமாறும் என்பது நம் பழைய வைத்தியர்களின் கட்சி. ஆகவே, அது ஒரு நோய், அதற்கு எண்ணெய் முழுக்கும் பத்தியமும் உண்டு என்கிற அபிப்பிராயம் அந்தச் சொல்லுக்குள்ளேயே அடங்கிக் கிடக்கிறது.

அந்தச் சொல் வசவாக மாறியபோது அதற்குத் துணையாக ஓர் ஊரின் பெயர் வந்து சேர்ந்தது. கீழ்ப்பாக்கம்! சென்னையில் அந்தப் பேட்டையில் பெரிய பங்களாக்களும் பள்ளிக்கூடங்களும் இருக்கின்றன. டாக்டர்களும் வக்கீல்களும் குடியிருக்கிறார்கள். ஆனாலும் எங்கள் வட ஆர்க்காட்டுப் பக்கத்தில், "இவனைக் கீழ்ப்பாக்கத்துக்கு அனுப்பணும்" என்று சொன்னால், வீடு பார்த்துக் குடிவைக்கச் சொல்வதாக யாரும் எண்ணமாட்டார்கள்.

நான் இருப்பது ஜோலார்பேட்டை. எங்கள் ஊர் என்றால் வெளியூர்க்காரர்களுக்கு ஞாபகம் வருவது ஜங்ஷன் ஒன்றுதான். ஒரு பாதை காட்பாடி வழியாகச் சென்னைக்குப் போகிறது, ஒன்று பெங்களூருக்கு, இன்னொன்று சேலத்துக்கும் அதற்கு அப்பால் மலையாளத்துக்கும். யோசித்துப் பார்த்தால் இதில் ஒரு விசேஷம் இருக்கிறது. சென்னைப் பக்கம் போனால் கீழ்ப்பாக்கம். பெங்களூர்ப் பக்கம் போனால் இன்று நிம்ஹான்ஸ் என்று சொல்கிற பெரிய ஆஸ்பத்திரி. காட்பாடியில் இறங்கினால் வேலூர், பாகாயம். இன்னும் சில ஸ்டேஷன் தள்ளி இறங்கினால் சோளிங்கர். தெற்கே போனால் குணசீலம், ஏர்வாடி. மனம் பேதலித்தவர்களுக்காகத் தென்னாட்டில் ஏற்பட்ட ஸ்தலங்களில் பெரும்பாலானவற்றுக்கு எங்கள் பிளாட்பாரத்திலிருந்தே வண்டி ஏறிவிடலாம். ஏறியும் இருக்கிறார்கள்.

இந்த வைத்தியத்தின் சரித்திரத்தை ஒரு டாக்டர் எழுதினால் மருந்துகளின் சரித்திரமாக எழுதுவார். வக்கீல் எழுதினால் சட்டங்களின் சரித்திரமாகிவிடும். நான் கதை எழுதிப் பிழைக்கிறவன். எனக்கு, நோயாளியோடு கூடப் போனவர் யார், எதுவரை போனார், திரும்பும்போது எத்தனை டிக்கெட் எடுத்தார் என்கிற விஷயம்தான் பெரிதாகப் படுகிறது. மருந்தையும் சட்டத்தையும் பற்றிச் சொல்லத்தான் போகிறேன். ஆனால் கண் அந்த மனிதர் மேலேயே இருக்கும்.

ஆஸ்பத்திரி என்று ஒன்று வருவதற்கு முன்னால் கிராமங்களில் என்ன செய்தார்கள்? பூசாரியை அழைத்து உடுக்கை அடித்தார்கள். வேப்பிலையால் அடித்தார்கள், வேப்பிலையோடு நிறுத்திக்கொள்ளவும் இல்லை. தலைமயிரைப் பிடித்து ஆட்டி, "நீ யார், எங்கிருந்து வந்தாய்?" என்று கேட்டார்கள். மிளகாய்ப் புகை போட்டார்கள், சூடு வைத்தார்கள். ஒன்றுக்கும் அடங்காவிட்டால் மாட்டுத்தொழுவத்துக் கம்பத்தில் சங்கிலியால் கட்டிச் சோறு வைத்தார்கள். இதையெல்லாம் நாட்டுப்புறத்து ஞானம் என்று இந்தக் காலத்தில் சிலர் புகழ்ந்து எழுதுகிறார்கள். மிளகாய்ப் புகையைக் கொஞ்சம் முகர்ந்து பார்த்துவிட்டு எழுதினால் நல்லது.

ஆனால் கோயில்களுக்கு அழைத்துப் போவதும் இருந்தது. சோளிங்கரில் பெரிய மலையில் யோக நரசிம்மர், சின்ன மலையில் யோக ஆஞ்சநேயர். அங்கே உள்ள தக்கான் குளத்தில் முழுகிவிட்டு ஈரத்துணியோடு மலை ஏறி ஆஞ்சநேயரைச் சேவித்தால் சித்தப்பிரமை நீங்கும் என்பது நம்பிக்கை. திருச்சிக்குப் பக்கத்தில் குணசீலத்தில் பெருமாள் சந்நிதியில் உச்சிக்காலப் பூஜை முடிந்ததும் தீர்த்தத்தை நோயாளிகளின் முகத்தில் வீசித் தெளிப்பார்கள். ஒரு மண்டலம், அதாவது 48 நாள், அங்கேயே தங்க வேண்டும். நோயாளி மட்டும் 48 நாள் தனியாகத் தங்குவதாவது! தாயாரோ, மனைவியோ, அண்ணனோ கூடவே கிடக்க வேண்டியதுதான். குளத்தில் இறங்கும்போது கையைப் பிடித்துக்கொள்ள ஒருவர் வேண்டுமே.

சரித்திரத்தில் சுவர் எழும்பிய வருஷம் 1794. அந்த வருஷத்தில் வாலண்டைன் கனோலி என்கிற கம்பெனி வைத்தியர் சென்னையில் 16 பேர் தங்கும்படியாக ஒரு விடுதியைக் கட்டினார். கட்டிக் கம்பெனியாருக்கே வாடகைக்கு விட்டார். மனிதர் கெட்டிக்காரர், தர்மத்தையும் லாபத்தையும் ஒரே கூரையின் கீழ் வைத்தார். பிற்பாடு அது டால்ட்டன் என்ற இன்னொரு வைத்தியர் கைக்கு வந்து, அவர் பெயராலேயே பைத்தியக்கார ஆஸ்பத்திரி என்று வழங்கியது.

இது நடந்துகொண்டிருந்த அதே சமயத்தில் ஐரோப்பாவில் சங்கிலிகளை அவிழ்க்கத் தொடங்கியிருந்தார்கள். பாரிஸ் நகரத்தில் பினேல் என்ற டாக்டர் பைத்தியங்களின் விலங்கைக் கழற்றுவதாகப் பிரபலமான ஓவியம் ஒன்று உண்டு. உண்மையில் 1797-ல் முதலில் கழற்றியவர் புஸ்ஸேன் என்கிற வார்டு மேற்பார்வையாளர். அவர் டாக்டரே அல்ல. அதே ஆஸ்பத்திரியில் கழலை நோய்க்குச் சிகிச்சை பெற வந்து, குணமாகி, அங்கேயே வேலைக்கு அமர்ந்தவர். வழக்கம் போலப் படத்தில் இடம் டாக்டருக்குப் போயிற்று. இங்கிலாந்தில் யார்க் நகரத்தில் டூக் என்ற தேயிலை வியாபாரி 1796-ல் ஒரு விடுதி திறந்து, நோயாளிகளை விருந்தாளிகளைப் போல நடத்தித் தோட்ட வேலையும் தையல் வேலையும் கொடுத்துப் பார்த்தார். மருந்து கொடுத்ததைவிட அது பலித்தது.

நம் பக்கத்தில் அடுத்து வந்தது ரயில். சென்னையிலிருந்து வாலாஜா வரை 1856-ல் வண்டி ஓடியது. ஜோலார்பேட்டையிலிருந்து பெங்களூர்க் கண்டோன்மெண்டுக்குப் பாதை 1864-ல் திறந்தார்கள். 7 வருஷம் கழித்து, 1871-ல், சென்னை ஆஸ்பத்திரி கீழ்ப்பாக்கத்தில் லோகாக் தோட்டம் என்ற விசாலமான இடத்துக்கு 145 நோயாளிகளோடு குடிபெயர்ந்தது. ஜில்லாக்களிலிருந்து ஆட்களைக் கொண்டுவருவதற்குப் பாதை தயாராக இருந்தது. பெரிய இடமும் தயாராகிவிட்டது. சட்டம் அதற்கு முன்பே, 1858-ல், தயாராகியிருந்தது.

சட்டம் என்றால், அதன் போக்கையும் சொல்ல வேண்டும். 1858-ஆம் வருஷத்துச் சட்டத்திலும், பிறகு வந்த 1912-ஆம் வருஷத்துச் சட்டத்திலும் நோயாளியைச் சேர்க்கிற வழியில் மாஜிஸ்திரேட்டு உட்கார்ந்திருந்தார். தெருவில் திரிகிறவர்களைப் போலீஸார் பிடித்துக்கொண்டு போய் அவர் முன் நிறுத்தலாம். வீட்டார் சேர்ப்பதானால் மனுவும் இரண்டு டாக்டர் சர்டிபிகேட்டும் வேண்டும். உத்தரவு கிடைத்தால் உள்ளே. திருட்டுக் கேஸுக்கும் இதற்கும் வெளியில் நின்று பார்க்கிறவனுக்கு என்ன வித்தியாசம் தெரியும்? இரண்டிலும் போலீஸ் உண்டு, கோர்ட்டு உண்டு, உயர்ந்த மதில் உண்டு. திருட்டுக் கேஸில் எத்தனை மாசம் என்று ஒரு கணக்காவது சொல்வார்கள்.

எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. கூடப் போனவர் வாசலோடு நின்றுவிட்டார். அதுவரை வீட்டுத் திண்ணையிலும் கோயில் மண்டபத்திலும், நல்லதாகவோ கெட்டதாகவோ, நோயாளியின் பக்கத்தில் யாராவது இருந்தார்கள். மதில் கட்டிய பிறகு போகும்போது இரண்டு டிக்கெட், திரும்பும்போது ஒன்று. பார்க்க வரலாம் என்று சொல்லியனுப்புவார்கள். வாணியம்பாடியில் தோல் ஷாப்பில் சுண்ணாம்புத் தொட்டியில் நின்று வேலை செய்கிறவன், ஒரு நாள் கூலியையும் ரயில் சத்தத்தையும் விட்டு எத்தனை தடவை போவான்? முதல் வருஷம் போவான். மறு வருஷம் தீபாவளிக்குப் போவான். பிறகு வீட்டில் பெண்ணுக்குக் கல்யாணம் பேசத் தொடங்குவார்கள். சம்பந்தி வீட்டாருக்குத் தெரிய வேண்டாம் என்று அந்தப் பெயரையே பேச்சில் எடுக்கமாட்டார்கள். இதை மனக்கொடுமை என்று சொல்வது சுலபம். மதில் எழுப்பினவர்கள் இதற்கு வசதி செய்து கொடுத்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

மதிலுக்குள்ளே வைத்தியம் என்று நெடுங்காலம் பெரிதாக ஒன்றும் இல்லை. தூங்க வைக்கிற மருந்துகள் இருந்தன. புரோமைடு, குடலைப் புரட்டுகிற நாற்றமுள்ள பாரால்டிஹைடு. இருபதாம் நூற்றாண்டில் ஐரோப்பிய டாக்டர்களுக்கு ஆவேசம் வந்தது. வியன்னாவில் ஒருவர் 1917-ல், மேகநோய் மூளைக்கு ஏறியவர்களுக்கு மலேரியாக் காய்ச்சலை வரவழைத்துப் பார்த்தார். 1927-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. இன்சுலினைக் கொடுத்து நினைவிழக்கச் செய்து எழுப்பினார் இன்னொருவர். போர்ச்சுகல் தேசத்து மோனிஸ் 1935-ல் மூளையின் முன்பகுதி நரம்புகளை வெட்டிவிடும் ஆபரேஷனைத் தொடங்கினார். அதற்கும் 1949-ல் நோபல் பரிசு! அந்த ஆபரேஷனால் சாதுவாகிப்போனவர்களில் பலர் தாங்கள் யார் என்பதையும் அதோடு விட்டுவிட்டார்கள். ரோமாபுரியில் செர்லெட்டியும் பினியும் 1938-ல் மின்சார அதிர்ச்சி வைத்தியத்தைக் கண்டுபிடித்தார்கள். அந்த ஊர்க் கசாப்புக் கூடத்தில் பன்றிகளை அறுப்பதற்கு முன்னால் மின்சாரம் வைத்து மயங்கச் செய்வதைப் பார்த்துத்தான் செர்லெட்டிக்குத் தைரியம் வந்ததாம். நம் சினிமாக்காரர்கள் இந்த வைத்தியத்தை வில்லன் கையில் கொடுத்துவிட்டார்கள். ஆனால் இந்தக் கூட்டத்தில் இன்று வரை நிலைத்து நிற்பது இது ஒன்றுதான். மயக்க மருந்து கொடுத்துச் செய்யும்போது, சாப்பிடவும் மறுத்துச் சாகவே துணிந்தவர்களைக் கூட இது மீட்டுக்கொடுக்கிறது.

(சினிமாவைப் பற்றி ஒரு வார்த்தை. தலையில் அடிபட்டால் பைத்தியம் பிடிக்கும், மறுபடி அதே இடத்தில் அடிபட்டால் தெளியும் என்கிற சித்தாந்தத்தை எந்த டாக்டரும் இதுவரை ஒப்புக்கொள்ளவில்லை.)

உண்மையான மாறுதல் ஒரு வேரிலிருந்து வந்திருக்க வேண்டும், கொஞ்சத்தில் தவறிப்போயிற்று. சர்ப்பகந்தா என்பது நம் நாட்டுச் செடி. பீகார்ப் பக்கத்தில் அதன் வேருக்குப் பைத்திய மருந்து என்றே பெயர். கல்கத்தாவில் கணநாத் சென், கார்த்திக் சந்திர போஸ் என்கிற இருவர் 1931-ல், இந்த வேர் பைத்தியத்தையும் ரத்தக் கொதிப்பையும் தணிக்கிறது என்று ஆராய்ந்து எழுதினார்கள். வெளிநாட்டில் யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. 1949-ல் பம்பாய் டாக்டர் ருஸ்தம் ஜால் வக்கீல் இங்கிலாந்துப் பத்திரிகை ஒன்றில், ரத்தக் கொதிப்புக்கு அதன் பலனை எழுதிய பிறகுதான் மேல்நாட்டார் திரும்பிப் பார்த்தார்கள். 1952-ல் ஸ்விட்சர்லாந்தில் அதன் சத்தைப் பிரித்தெடுத்து ரெஸர்பின் என்று பெயரிட்டார்கள். 1954-ல் நியூயார்க்கில் நேதன் கிளைன் அதை மனநோயாளிகளுக்குக் கொடுத்து, கூச்சல் போட்டவர்கள் அடங்கினார்கள் என்று அறிவித்தார்.

ஆனால் அதற்குள் இன்னொரு மருந்து முந்திக்கொண்டது. பிரான்ஸில் லபோரி என்ற ராணுவ சர்ஜன், ஆபரேஷன் நோயாளிகளுக்குக் கொடுத்த ஒரு மருந்து அவர்களைத் தூங்க வைக்காமலே கவலையற்றவர்களாக ஆக்குவதைக் கவனித்தார். 1952-ல் பாரிஸில் டிலே, தெனிக்கர் என்ற இரு டாக்டர்கள் அதையே மனநோயாளிகளுக்குக் கொடுத்தார்கள். குளோர்புரோமஸின் என்பது அதன் பெயர். காதில் கேட்கிற குரல்கள் குறைந்தன. ஆள் உட்கார்ந்து பேசத் தொடங்கினான். கை நடுக்கம், உடம்பு விறைப்பு, சதா தூக்கம் என்று அதற்கும் குறைகள் உண்டு. ஆயினும், மதிலுக்குள் இருந்தே தீர வேண்டும் என்ற நிலையை மாற்றியது அந்த மாத்திரை. இனி அவன் வீட்டுக்குப் போகலாம். வீட்டில் யார் இருக்கிறார்கள்?

இந்தக் கேள்விக்கு முதலில் விடை கண்டவர் அமிருதசரஸில் இருந்தார். நாடு பிரிந்தபோது லாகூர் ஆஸ்பத்திரியிலிருந்த இந்து, சீக்கிய நோயாளிகளை 1950-ல் அந்த ஊருக்கு மாற்றினார்கள். மண்டோவின் டோபா டேக் சிங் கதையைப் படித்தவர்களுக்கு அந்தப் பரிமாற்றம் ஞாபகம் இருக்கும். அங்கே சூப்பிரண்டாக வந்த டாக்டர் வித்யாசாகர், ஐம்பதுகளில், ஆஸ்பத்திரித் தோட்டத்தில் கூடாரங்கள் அடித்து நோயாளியோடு உறவினரையும் தங்கச் சொன்னார். வியாதி என்ன, மருந்து ஏன், கோபம் வந்தால் என்ன செய்வது என்பதையெல்லாம் அவர்களுக்கும் சேர்த்தே சொல்லிக்கொடுத்தார். மேல்நாட்டார் புத்தகத்தில் இப்படி ஒரு ஏற்பாடு கிடையாது. மேல்நாட்டு வைத்தியத்தில், நோயாளியைக் குடும்பத்திடமிருந்து பிரித்து வைப்பதே வழக்கம்.

வேலூரில் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரிக்காரர்கள் பாகாயத்தில் மனநல நிலையம் தொடங்கியது 1957-ல். தொடங்கி வைத்தவர் பிளாரன்ஸ் நிக்கல்ஸ் என்கிற கனடா தேசத்து அம்மாள். அமிருதசரஸ் வழியையே அங்கேயும் கைக்கொண்டார்கள். நோயாளியோடு வீட்டார் ஒருவர் தங்க வேண்டும் என்பது முறையாயிற்று. எங்கள் ஊரிலிருந்து சுமார் ஒன்றரை மணி நேர ரயில் பிரயாணம், அப்புறம் பஸ்.

எங்கள் தெருவில் ஓர் அக்கா இருந்தார், இன்னும் இருக்கிறார். பெயர் வேண்டாம். பீடி சுற்றிக் குடும்பம் நடத்தியவர். அவருடைய தம்பிக்கு இருபது வயசில் புத்தி கலங்கியது. 1990-ஐ ஒட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். நான் அப்போது சின்னப் பையன். ரேடியோவில் தன்னைப் பற்றித்தான் செய்தி வாசிக்கிறார்கள் என்று அவர் ரேடியோவை உடைத்தது எனக்கு ஞாபகம் இருக்கிறது. முதலில் சோளிங்கருக்கு அழைத்துப் போய் ஒரு மண்டலம் இருந்தார்கள். பிறகு, யாரோ சொல்லி, வேலூருக்குப் போனார்கள். அக்கா பீடி இலையையும் முறத்தையும் மூட்டை கட்டி வைத்துவிட்டுத் தம்பியோடு போய்த் தங்கினார். பல வருஷங்களுக்குப் பிறகு நான் அவரிடம் இதைப் பற்றி விசாரித்தேன்.

"அங்க அவனுக்கு மட்டுமா வைத்தியம் பண்ணாங்க, தம்பி? எனக்கும் சேத்துத்தான் பண்ணாங்க" என்றார். "நான் அதுவரைக்கும் அவன் வேணும்னே பண்றான்னு நெனச்சிக்கிட்டு இருந்தேன். அடிச்சிருக்கேன், தெரியுமா? சோளிங்கர்ல அடிக்கக் கூடாதுன்னு யாரும் சொல்லல. இங்க சொன்னாங்க."

"சோளிங்கர் போனது வீண்தானா, அக்கா?"

"வீண்னு எப்படிச் சொல்றது? அங்க போனதுலதான் அவனோட ஒண்ணா இருந்து பழகிச்சு."

இந்தப் பதிலை நான் டாக்டர்களிடம் சொல்லியிருந்தால் சிரித்திருப்பார்கள் என்று நினைத்திருந்தேன். அப்படி அல்லவென்று பிற்பாடு தெரிந்தது. திண்டுக்கல் பக்கத்தில் வேலாயுதம்பாளையம்புதூரில் முத்துசாமி கோயில் என்று ஒன்று உண்டு. பெங்களூர் நிம்ஹான்ஸைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர்கள் அங்கே வந்து தங்கிய 31 பேரை, வந்த அன்றும் போகிற அன்றும் பரிசோதித்து, 2002-ல் இங்கிலாந்து மருத்துவப் பத்திரிகையில் எழுதினார்கள். சராசரியாக ஆறு வாரம் தங்கினார்கள். மந்திரமோ, பேயோட்டுதலோ, அடி உதையோ கிடையாது. கோயிலைப் பெருக்குவதும் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றுவதும்தான் வேலை. நோயின் கடுமை ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருந்தது. சில மருந்துகள் தருகிற பலனுக்கு அது சமானம். பயமுறுத்தாத இடமும் ஆதரவும்தான் காரணமாக இருக்கும் என்று அவர்கள் முடிவு கட்டினார்கள். மாத்திரையைத் தூக்கி எறியலாம் என்று இதற்கு அர்த்தம் செய்துகொள்ளக் கூடாது. 31 பேர் என்பது சின்னக் கணக்கு. ஐந்தில் ஒரு பங்கு போனால் மீதி நாலு பங்கு இருக்கிறது.

கீழ்ப்பாக்கத்திலும் காற்று மாறியது. 1961-ல் சூப்பிரண்டாக வந்தவர் டாக்டர் சாரதா மேனன். மங்களூரில் பிறந்து, சென்னையில் மருத்துவம் படித்து, 1954-ல் பெங்களூரில் ஏற்பட்ட அகில இந்திய மனநலக் கழகத்தில் பயிற்சி பெற்றவர். அந்தக் கழகம்தான் 1974-ல் நிம்ஹான்ஸ் ஆயிற்று. இந்தியாவில் இந்தத் துறையில் பயிற்சி பெற்ற முதல் பெண்மணி என்று அவரைச் சொல்கிறார்கள். 1978 வரை அவர் அங்கே இருந்தார். ஆயிரக்கணக்கானவர்கள் நெருக்கியடித்துக் கிடந்த இடத்தில் வெளிநோயாளிப் பிரிவை வளர்த்தார். நோயாளிகளுக்குத் தொழில் கொடுத்தார். ஓய்வு பெற்ற பிறகு சும்மா இருக்கவில்லை. 1984-ல் ஸ்கார்ஃப் என்ற மனச்சிதைவு ஆராய்ச்சி நிலையத்தைத் தொடங்கினார். குணமானவன் எங்கே போவது என்பதுதான் அவரை அதற்குத் தூண்டியது. சேர்க்கும்போது பொய்யான விலாசம் கொடுத்துவிட்டுப் போன உறவினர்கள் உண்டு. ஆள் தெளிந்து, சட்டை மாற்றிக்கொண்டு, ஆஸ்பத்திரிக்காரரோடு வீட்டைத் தேடிப் போனால், அந்தத் தெருவில் அந்த நம்பரே இராது. சாரதா மேனன் 2021-ல் 98-ஆவது வயசில் காலமானார்.

இங்கே நான் ஏர்வாடியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ராமநாதபுரம் ஜில்லாவில் கடலோரத்தில் உள்ள அந்தத் தர்காவுக்கு எல்லா மதத்தாரும் போவார்கள். எங்கள் பக்கத்திலிருந்தும் போயிருக்கிறார்கள். ஆதியில் உறவினரும் கூடவே தங்கி, தர்கா விளக்கெண்ணெயும் தீர்த்தமும் வாங்கிக் கொடுத்து, கனவில் உத்தரவு வரும் வரை காத்திருப்பது வழக்கம். எத்தனை நாள் காத்திருப்பது? உத்தியோகம் என்ன ஆவது? இந்தச் சங்கடத்தைக் கண்டுகொண்டு, நாங்கள் பார்த்துக்கொள்கிறோம், நீங்கள் மாசாமாசம் பணம் அனுப்புங்கள் என்று சிலர் தர்காவைச் சுற்றிக் கொட்டகை போட்டார்கள். மதில் கட்ட அவர்களிடம் பணம் இல்லை. ஆகவே சங்கிலி போட்டார்கள். 2001-ஆம் வருஷம் ஆகஸ்டு 6-ஆம் தேதி விடியற்காலையில் அப்படிப்பட்ட ஓலைக் கொட்டகை ஒன்று தீப்பிடித்தது. சங்கிலியோடு இருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள்.

கோயிலையும் தர்காவையும் மூடநம்பிக்கை என்று திட்டி அன்று எழுதினவர்கள் அநேகம். எனக்கு அந்தக் கோபம் இடம் மாறிப் போனதாகவே தோன்றுகிறது. நம்பிக்கையோடு வந்து கூடவே தங்கின காலத்தில் அங்கே இவ்வளவு பெரிய சாவு நேரவில்லை. பணம் அனுப்பிவிட்டு வராமல் இருக்க ஒரு வழி ஏற்பட்ட பிறகுதான் நேர்ந்தது. 1871-ல் சர்க்கார் மதிலால் செய்த காரியத்தைத்தான் ஏர்வாடிக் கொட்டகைக்காரர்கள் ஓலையாலும் இரும்பாலும் செய்தார்கள். சுப்ரீம் கோர்ட்டு பத்திரிகைச் செய்தியைப் பார்த்துத் தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டது, கொட்டகைகள் மூடப்பட்டன. இன்று ஏர்வாடியில் தர்காவுக்குப் பக்கத்திலேயே சர்க்கார் டாக்டர்களும் பார்க்கிறார்கள். தீர்த்தமும் வாங்கலாம், மாத்திரையும் வாங்கலாம். சண்டை இல்லை.

அதற்குப் பிறகு சட்டமும் திரும்பியது. 1912-ஆம் வருஷத்துச் சட்டத்துக்குப் பதிலாக 1987-ல் ஒன்று வந்தது. அதையும் தள்ளிவிட்டு 2017-ல் மனநலச் சட்டம் வந்து, 2018 மே மாசம் அமலுக்கு வந்தது. எந்த விதத்திலும் சங்கிலி போடக் கூடாது. மயக்க மருந்து இல்லாமல் மின்சார வைத்தியம் கூடாது என்று அதில் எழுதியிருக்கிறது. 1996-ல் தொடங்கிய ஜில்லா மனநலத் திட்டம், முதலில் நாட்டில் நாலு ஜில்லாக்களில் பரீட்சை பார்க்கப்பட்டபோது, அதில் ஒன்று நம் திருச்சி. இன்று ஜில்லா ஆஸ்பத்திரியிலேயே மனநல டாக்டர் உட்காருகிறார். மாத்திரைக்காகச் சென்னைக்கு வண்டி ஏற வேண்டிய அவசியம் இல்லை.

சட்டத்தில் இன்னொரு புதுமை உண்டு. வயது வந்த எவரும் தமக்கு மனநோய் வந்தால் தம் சார்பில் யார் நிற்க வேண்டும் என்று முன்கூட்டியே வெள்ளைத் தாளில் எழுதிக் கையெழுத்தோ கைநாட்டோ வைத்துக் கொடுக்கலாம். கூடப் போகிறவரை நோயாளியே தேர்ந்தெடுக்கிறார்! வாலண்டைன் கனோலிக்கு இதைச் சொன்னால் நம்பமாட்டார்.

ஆனால் கூடப் போகிறவருக்கு லீவு யார் கொடுப்பது என்பதை எந்தச் சட்டமும் எழுதக் காணோம். அக்காவுக்கு வீட்டிலேயே தொழில். முறத்தை மூடி வைத்துவிட்டுப் போனார், வருமானம் மட்டும் நின்றது. அவருடைய மகள் ஆம்பூரில் ஷூ கம்பெனியில் தைக்கிறாள். காலையில் கம்பெனி பஸ் வந்து அழைத்துப் போகும். இருட்டிய பிறகு கொண்டுவந்து விடும். எங்கள் பக்கத்தில் அநேகமாக எல்லா வீட்டுப் பெண்களும் இன்று இப்படித்தான். அவர்கள் சம்பாதிப்பதால்தான் அடுப்பு எரிகிறது. மூன்று வாரம் வேலூரில் வந்து தங்கு என்றால் எப்படித் தங்குவாள்? உலகத்துக்கே வழிகாட்டிய ஏற்பாடு என்று நாம் பெருமைப்படுகிற இந்தக் குடும்ப வைத்தியம், கணக்குப் பார்த்தால், வீட்டுக்கு ஒரு பெண் கூலி இல்லாமல் சும்மா இருப்பாள் என்கிற நம்பிக்கையின் மேல் நின்றது.

அக்காவின் தம்பிக்கு இப்போது ஐம்பது வயசுக்கு மேல் ஆகிறது. மாத்திரையை விடவில்லை. ஸ்டேஷனுக்கு எதிரே ஒரு கடையில் கணக்கு எழுதுகிறார். நடுவில் இரண்டு தடவை மறுபடி வந்தது. இரண்டு தடவையும் அக்கா கூடப் போனார். நான் அந்தத் தாள் விஷயத்தைச் சொல்லி, "யார் பேரை எழுதுவீங்க, அண்ணே?" என்று கேட்டேன்.

கொஞ்ச நேரம் யோசித்தார். "அக்காவுக்கு முட்டி வலி, தம்பி. படி ஏற முடியாது. பாப்பாவுக்குக் கம்பெனி. எழுதறவன் எழுதிட்டா போதுமா, அவங்களும் சம்மதம்னு எழுதிக் கொடுக்கணுமா?"

கொடுக்க வேண்டும் என்றுதான் சட்டத்தில் இருக்கிறது என்றேன். அவர் தாளை வாங்கி மடித்துக் கணக்கு நோட்டுக்குள் வைத்துக்கொண்டார்.